மூன்று இரவுக் கூடாரம்

காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று தெருவில் கிடந்தால் நெடுநேரம் கிடப்பதில்லை. யாராவது பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதே இடத்தில் கிழிந்த கூடாரம் ஒன்று கிடந்தால் அதை எவரும் தொடுவதில்லை. அடுத்த மழைக்காலத்திலும் அது அங்கேயே கிடக்கும்.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக். பாட்டிலுக்குப் பயன்படும் பெட் என்ற பிளாஸ்டிக்கை இழையாக இழுத்து நெய்தால் கிடைப்பதுதான் பாலியஸ்டர் துணி. ஒரு லிட்டர் பாட்டிலின் எடை 20 முதல் 25 கிராம். மலிவு விலைக் கூடாரம் ஒன்றில் முக்கால் கிலோ அளவுக்குப் பாலியஸ்டர் இருக்கிறது. அதாவது முப்பது பாட்டிலுக்குச் சமமான சரக்கு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. பாட்டிலுக்குக் குனிகிற கை அதற்கு ஏன் குனிவதில்லை?

இணையக் கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே இருவர் படுக்கும் கூடாரம் கிடைக்கிறது. ஒரு வார இறுதிப் பயணத்துக்கு வாங்கி, இரண்டு மூன்று இரவு படுத்து, பிறகு மறந்துவிடும் பொருளாக அது மாறிவிட்டது. அப்படிப்பட்ட கூடாரம் ஒன்று நீலகிரி மாவட்டம் தேவாலாவுக்கு வருவதாக வைத்துக்கொண்டால், அதன் வாழ்வையும் முடிவையும் படிப்படியாகப் பார்க்கலாம். கூடலூரிலிருந்து பந்தலூர் போகும் சாலையில், நாடுகாணியைத் தாண்டி, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். தேயிலைத் தோட்டமும் காடும் யானைத் தடமும் பின்னிக் கிடக்கும் இடம். கூடாரத்தைச் சோதிக்க அதைவிடக் கடுமையான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

பையைப் பிரித்தால்

இரண்டு கிலோ எடையுள்ள கூடாரத்தை உறையிலிருந்து எடுத்துப் பரப்பினால் முதலில் தெரிவது மேல்துணி. பாவும் ஊடையுமாக நெருக்கமாக நெய்த மெல்லிய பாலியஸ்டர். கடைச் சீட்டில் 190 டி என்று போட்டிருந்தால், ஓர் அங்குலச் சதுரத்தில் பாவும் ஊடையும் சேர்த்து 190 இழைகள் உள்ளன என்று பொருள். எத்தனை நெருக்கமாக நெய்தாலும் இழைகளுக்கு நடுவே இடுக்கு இருக்கும். அதை அடைக்கத் துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கை மிக மெல்லியதாகப் பூசுகிறார்கள். வெயிலைத் திருப்ப வெள்ளி நிறப் பூச்சு பூசிய கூடாரங்களும் உண்டு.

தரை வேறு சரக்கு. மலிவுக் கூடாரங்களில் அது பெரும்பாலும் தார்ப்பாய் செய்யும் பாலிஎத்திலீன். கொசுவலை ஒரு பொருள், ஜிப்பின் பல் இன்னொன்று, அதன் ஓட்டி உலோகம். வளைந்து நின்று கூடாரத்தைத் தாங்கும் கம்பிகள் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இறுக வைத்தவை. அந்தக் கம்பித் துண்டுகளைக் கோத்து உள்ளே ஓடுவது ரப்பர் நாடா. இணைப்புக் குழாயும் தரையில் அடிக்கும் முளையும் இரும்பு. கம்பியும் முளையும் நீங்கலாக மற்றவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், ஒட்டியிருக்கிறார்கள், சூடேற்றி அழுத்தியிருக்கிறார்கள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டால், மூடியைத் திருகி எடுத்து, சீட்டைக் கிழித்தால் மிச்சம் இருப்பது ஒரே பொருள். கூடாரத்தில் எட்டு, ஒன்பது பொருள்கள் எளிதில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. இந்த வேறுபாடுதான் அதன் முடிவைத் தீர்மானிக்கப் போகிறது. ஆனால் முடிவு வருவதற்கு முன் அது கொஞ்சக் காலம் மழையைத் தடுக்க வேண்டும்.

முட்டி போட்டால் ஏன் ஒழுகுகிறது

கூடாரத்தில் படுத்தவர்கள் பலரும் சொல்லும் ஒரு விந்தை உண்டு. இரவெல்லாம் மழை பெய்தும் கூரை ஒழுகவில்லை. காலையில் எழுந்து, முட்டி போட்டுப் பையைக் கட்டும்போது முட்டி நனைந்துவிடுகிறது. நீர் எங்கிருந்து வந்தது?

துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை அளக்க எளிய முறை ஒன்று இருக்கிறது. துணியின் மேல் குழாயை நிறுத்தி, அதில் நீரை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். துணியின் மறுபக்கம் துளிகள் கசியத் தொடங்கும்போது குழாயில் நிற்கும் நீரின் உயரமே அதன் அளவு. இதை நீர்த்தூண் உயரம் எனலாம். மலிவுக் கூடாரங்களில் இது 1,000 மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் குறைவு. அதாவது ஒரு மீட்டர் உயர நீரின் அழுத்தம் வரை அந்தத் துணி தாக்குப்பிடிக்கும்.

ஒரு மீட்டர் நீர்த்தூண் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 கிராம் அழுத்தம். இதை மனிதர் ஒருவரோடு பொருத்திப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மல்லாந்து படுக்கும்போது அவர் உடல் தரையைத் தொடும் பரப்பு சுமார் 4,000 சதுர சென்டிமீட்டர். எடை பரவிவிடுவதால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 கிராம்தான் விழுகிறது. நீர்த்தூண் கணக்கில் அது 150 மில்லிமீட்டர். தரை அதை எளிதாகத் தாங்கிவிடும். அவரே எழுந்து உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே 900 சதுர சென்டிமீட்டரில் 45 கிலோ இறங்குகிறது. அது 500 மில்லிமீட்டர். அதுவும் தாங்கும்.

முட்டி போடும்போதுதான் கணக்கு புரண்டுவிடுகிறது. முட்டி ஒன்றின் கீழ் படும் இடம் 40 சதுர சென்டிமீட்டர், அதில் இறங்கும் எடை 20 கிலோ என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 500 கிராம். நீர்த்தூண் கணக்கில் அது 5,000 மில்லிமீட்டர். 1,000 மில்லிமீட்டர் தாங்கும் தரையின் மேல் ஐந்து மடங்கு அழுத்தம். கீழே ஈர மண் இருந்தால் அந்த நீருக்கு மேலே வருவதைத் தவிர வேறு வழி இல்லை. முழங்கையை ஊன்றினால் நிலைமை இன்னும் மோசம். விலை கூடிய கூடாரங்களின் தரையில் நீர்த்தூண் உயரம் கூரையைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது இதனால்தான்.

தையலும் ஒரு பலவீனம். ஊசி இறங்கும் ஒவ்வொரு இடமும் ஒரு துளை. ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று தையல் வீதம், இருபது மீட்டர் நீளத் தையலில் 6,000 துளைகள் விழுகின்றன. அவற்றை மூட உட்புறம் நாடா ஒட்டுகிறார்கள். விலையைக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவது இந்த நாடா.

தேவாலாவின் மழை

தென்மேற்குப் பருவமழையில் தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் ஊர்களில் தேவாலா ஒன்று. ஜூன், ஜூலை மாதங்களில் வானிலை மையத்தின் மழை அளவுப் பட்டியலில் அதன் பெயர் அடிக்கடி மேலே நிற்கும். ஒரே நாளில் 10 செ.மீ. பெய்வது அங்கே செய்தியே அல்ல. இருவர் கூடாரம் மூடும் இடம் 3 சதுர மீட்டர் என்றால், 10 செ.மீ. மழையில் அதன் தலையில் விழுவது 300 லிட்டர் நீர். 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அந்தக் கணக்கில் அது ஏறத்தாழ இரண்டரை ஆயிரம் லிட்டர்.

மழை ஓய்ந்தாலும் ஈரம் ஓய்வதில்லை. தூங்கும் ஒருவரின் மூச்சிலும் வியர்வையிலும் இரவுக்குக் கால் லிட்டர் நீராவது வெளியேறுகிறது. பூச்சு பூசிய துணி அதை வெளியே விடாது. அது குளிர்ந்த கூரையில் பட்டுத் துளியாகி இறங்குகிறது. மழையே பெய்யாத இரவிலும் கூரையின் உட்புறம் நனைந்திருப்பதன் காரணம் இதுவே. இதை ஒழுகல் என்று நினைத்துக் கூடாரத்தைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

காலையில் வெயில் வருவதற்குள் கிளம்ப வேண்டும். ஈரக் கூடாரத்தைச் சுருட்டி உறைக்குள் திணித்து, வண்டியின் பின்னால் போட்டு, வீடு போனதும் பரண் மேல் ஏற்றிவிடுகிறார்கள். கூடாரத்தின் சாவு தொடங்குவது அந்தப் பரணில்தான்.

பூச்சு பிசுபிசுப்பது எதனால்

அடுத்த ஆண்டு உறையைத் திறந்தால் துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தால் பிசுபிசுப்பு, செதில் செதிலாக உதிரும் வெள்ளைத் தோல், கூடவே புளித்த வாடை. மூன்று இரவு மட்டுமே பயன்படுத்திய பொருள் உறைக்குள் இருந்தபடியே கெட்டுப்போயிருக்கிறது.

மலிவான பாலியூரித்தேன் பூச்சு எஸ்டர் என்ற வகைப் பிணைப்புகளால் ஆன நீண்ட சங்கிலி. நீர் மூலக்கூறு ஒன்று அந்தப் பிணைப்பில் புகுந்தால் சங்கிலி அங்கே அறுந்துவிடும். நீரே ஒரு பொருளை உடைக்கும் இந்த வினைக்குத் தமிழில் நீராற்பகுப்பு என்று பெயர். ஒவ்வொரு முறை அறும்போதும் ஒரு முனையில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுவதை விரைவுபடுத்துகிறது. ஆகவே மெதுவாகத் தொடங்கும் வினை போகப் போக வேகம் பிடிக்கிறது. வெப்பம் கூடினால் இன்னும் வேகம். ஈரமும் வெப்பமும் சேர்ந்து அடைபட்ட பரண், இந்த வினைக்கென்றே அமைத்த ஆய்வுக்கூடம்போல வேலை செய்கிறது. அலமாரியில் பல ஆண்டு வைத்திருந்த காலணியின் அடிப்பகுதி ஒரு நாள் திடீரென்று தூளாக உதிர்வதும் இதே வினைதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கெட்டது பூச்சு மட்டுமே. அடியில் இருக்கும் பாலியஸ்டர் துணிக்குப் பெரிதாக எதுவும் ஆகவில்லை. பாலியஸ்டர் தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். நிழலில் இருந்தால் பல பத்தாண்டுகள் உறுதியாக இருக்கும். எஸ்டருக்குப் பதிலாக ஈத்தர் வகைப் பிணைப்பு கொண்ட பாலியூரித்தேனைப் பூசியிருந்தால் நீர் அதை இப்படி அறுத்திருக்காது. அது இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கூடுதல். நீண்ட காலம் உழைக்கக்கூடிய துணியின் மேல் குறுகிய காலப் பூச்சைப் பூசி விற்பதுதான் மலிவுக் கூடாரத்தின் அடிப்படைக் கோளாறு.

கம்பியும் காற்றாலையும்

பூச்சுக்கு முன்பே கம்பி போய்விடுவதும் உண்டு. கண்ணாடி இழைக் கம்பி வளையும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் வளைந்தால் நீளவாக்கில் பிளந்து சிலாம்பாகும். அந்தச் சிலாம்பு விரலில் ஏறினால் எடுப்பது கடினம்.

பிளாஸ்டிக்கில் இரண்டு இனம் உண்டு. சூடேற்றினால் இளகி, ஆறினால் மீண்டும் இறுகுவது ஓர் இனம். பாட்டில், தார்ப்பாய், பாலியஸ்டர் எல்லாம் இதில் அடங்கும். ஒரே ஒரு முறை இறுகி, பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் இளகாமல் கருகுவது இன்னோர் இனம். முதலாவதை இளகுநெகிழி, இரண்டாவதை இறுகுநெகிழி எனலாம். கம்பியின் பிசின் இறுகுநெகிழி. அதை உருக்கி வேறொன்றாக வார்க்க முடியாது.

ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப் பக்கமும் சுழலும் காற்றாலை இறக்கைகளும் கண்ணாடி இழையை இறுகுநெகிழியில் பதித்துச் செய்தவையே. காலம் முடிந்த இறக்கைகளை என்ன செய்வது என்று உலகமே கையைப் பிசைந்துகொண்டிருக்கிறது. பெரும் நிறுவனங்களுக்கே விடை தேட வேண்டியிருக்கும் பொருளின் சிறு துண்டுகள், மூன்று இரவுக் கூடாரத்தின் உறைக்குள் கிடக்கின்றன.

தராசின் கணக்கு

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பழைய இரும்புக் கடைக்காரர் கூடாரத்தை ஏன் வாங்குவதில்லை?

பெட் பாட்டிலை நொறுக்கிச் செதிலாக்கி, கழுவி, உலர்த்தி, 250 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே உருக்கி, இழையாக இழுக்கிறார்கள். அந்த இழை சட்டையாகவும் தலையணைப் பஞ்சாகவும் மாறுகிறது. இந்தியாவில் இது பெரிய தொழில். அதே உலையில் கூடாரத் துணியைப் போட்டால், பெட் உருகும் வெப்பத்தில் பாலியூரித்தேன் சிதைந்து கருகத் தொடங்கும். சிதைவில் வரும் பொருள்கள் பெட்டின் சங்கிலிகளையும் அறுக்கும். 110 முதல் 130 டிகிரியிலேயே உருகிவிடும் தரைப் பாலிஎத்திலீன், பெட்டுடன் கலக்காமல் எண்ணெய்யும் நீரும்போலத் தனித்து நிற்கும். சாயம் வேறு. கிடைப்பது பழுப்பு நிறத்தில் ஒடியும் ஒரு கட்டி.

ஆகவே முதலில் பிரிக்க வேண்டும். தையலை அறுத்து, ஜிப்பை எடுத்து, தரையையும் வலையையும் தனித்தனியாக வெட்டி, சேற்றைக் கழுவ ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குப் பிறகும் பூச்சு துணியோடுதான் இருக்கும். இவ்வளவு உழைத்துக் கிடைக்கும் முக்கால் கிலோ துணி, மறுசுழற்சிச் சந்தையில் சுத்தமான பாட்டில் செதிலின் விலைக்குக்கூடப் போகாது. ஒரு மணி நேரக் கூலியே அதைவிடக் கூடுதல். இரும்பு முளைகளை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான் கடைக்காரரின் கணக்குக்குச் சரியாக வருகிறது. அதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை.

பாட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து செய்த கூடாரம் என்று சில விளம்பரங்கள் பெருமையாகச் சொல்கின்றன. பாட்டிலைத் துணியாக்குவது எளிது. துணியைப் பாட்டிலாக்குவது கடினம், ஏனென்றால் துணிக்கான பெட்டின் சங்கிலிகள் நீளம் குறைந்தவை. திரும்பத் திரும்பப் பாட்டிலாகவே சுற்றிவரக்கூடிய பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு உதவாத கூடாரமாக மாற்றுவது முன்னேற்றம் என்று கொள்ள முடியாது. பெட்டை அதன் அடிப்படை வேதிப்பொருள்களாகவே பிரித்து மீண்டும் கட்டும் முறைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் தரம் பிரித்த, தூய்மையான துணி குவியலாகக் கிடைக்க வேண்டும். மலைச் சரிவில் ஒன்றும் ஆற்றோரத்தில் ஒன்றுமாகக் கிடக்கும் கூடாரங்கள் அந்த ஆலைகளை எட்டப்போவதில்லை.

மலையிலேயே விட்டுவிட்டால்

1879-க்குப் பின் சில ஆண்டுகள் தேவாலாவும் பந்தலூரும் தங்க வேட்டையின் களமாக இருந்தன. லண்டனில் பங்கு விற்றுத் தொடங்கிய நிறுவனங்கள் மலைக்கு எந்திரங்களை ஏற்றின, குடைந்தன, எதிர்பார்த்த தங்கம் கிடைக்காமல் போய்விட்டன. சுரங்கப் பொந்துகள் இன்றும் அங்கே இருக்கின்றன. வெளியூரார் கொண்டுவந்து விட்டுப்போகும் பொருளோடு வாழ்வது அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் இரும்பு துருப்பிடித்து மண்ணாகும், அல்லது விலைக்குப் போகும். கூடாரத் துணி இரண்டும் செய்யாது.

வெயில் படும் இடத்தில் கிடந்தால் புற ஊதாக் கதிர் பாலியஸ்டரை மெல்ல மெல்லச் சிதைக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் இந்தக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. துணி நைந்து, இழை இழையாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகி ஓடையில் இறங்குகிறது. கூடலூர்ப் பகுதியில் பிறக்கும் பாண்டியாறு கேரளத்துக்குள் புன்னம்புழாவாகி, சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் அரபிக்கடலைச் சேர்கிறது. மலையில் விட்ட கூடாரத்தின் கடைசி முகவரி அந்தக் கடலாகவும் இருக்கலாம். மரநிழலில், மண்ணுக்கடியில் கிடந்தாலோ சிதைவு மிக மிக மெதுவாகவே நடக்கும்.

அதற்கு முன் விலங்குகள் வந்துவிடும். சமைத்த வாடையும் வியர்வை உப்பும் ஊறிய துணி யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் உணவுபோலவே மணக்கும். இழுத்துக் கட்டிய கயிறு கால்களுக்குச் சுருக்காகும். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் கருவுற்ற யானை ஒன்று இறந்தபோது அதன் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் கழிவுகளை எடுத்தார்கள். அவை கூடாரத் துணி அல்ல, ஊர்க் குப்பை. ஆனால் யானையின் வயிறு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பந்தலூர் வட்டம் முழுவதும் யானைகள் நடமாடும் பகுதி. அங்கே விட்டுப்போகும் எந்தத் துணியும் அவற்றின் வழியில்தான் கிடக்கிறது.

அந்த இடத்திலேயே கொளுத்திவிடுவது அதைவிடத் தீங்கு. பாலியஸ்டர் எரியும்போது உருகிச் சொட்டுகிறது. அந்தச் சொட்டு தோலில் ஒட்டினால் ஆழமாகச் சுடும். புகையில் கார்பன் மோனாக்சைடும், பாலியூரித்தேனில் இருக்கும் நைட்ரஜனால் ஹைட்ரஜன் சயனைடும் வரும். தீ அணைந்த பின் கண்ணாடி இழைகள் சாம்பலில் அப்படியே கிடக்கும்.

நெல்லியாளம் நகராட்சியின் குப்பை வண்டியில் போட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் பல, சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகின்றன. அந்த உலைகளின் வெப்பம் மிக அதிகம் என்பதால் நச்சுப் புகை பெருமளவு சிதைந்துவிடும். கம்பியின் கண்ணாடியும் சிமென்டோடு கலந்துவிடும். இருக்கும் வழிகளில் இது பரவாயில்லை. ஆனால் கோவை மதுக்கரை ஆலை தேவாலாவிலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அத்தனை தூரம் வண்டி வைத்து அனுப்பும் செலவு, கூடாரத்தில் படுத்தவர்மேல் விழுவதில்லை. உள்ளூர் மக்களின் வரிப்பணத்தில் விழுகிறது.

கெட்டித்துணிக் கூடாரம்

மலிவு பாலியஸ்டர் வருவதற்கு முன் கூடாரம் என்றால் பருத்திக் கெட்டித்துணிதான். அதற்குப் பூச்சு தேவையில்லை. நனைந்ததும் பருத்தி இழை ஊதிப் பருத்து இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்ளும். காற்றும் நீராவியும் ஓரளவு வெளியேறும். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேல் எடை. முதுகில் சுமப்பது கடினம். உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்து மக்கிவிடும். ஆனால் கிழிந்தால் தைக்கலாம், மிச்சம் மண்ணோடு மண்ணாகும்.

அதன் உண்மையான பலம் துணியில் மட்டும் இல்லை. கெட்டித்துணிக் கூடாரத்துக்கு எப்போதும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். பந்தல்காரரைப்போல அவர் வாடகைக்கு விட்டு, முடிந்ததும் வந்து பிரித்து எடுத்துப்போனார். 2025-இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கூடாரங்கள் போட்டார்கள். போட்டவர்கள் ஒப்பந்தக்காரர்கள், விழா முடிந்ததும் பிரித்து, கட்டி, அடுத்த விழாவுக்குக் கொண்டுபோனார்கள்.

பிரிட்டனின் இசைவிழாக்களில் இதற்கு நேர்மாறு நடக்கிறது. அவரவர் வாங்கிக் கொண்டுவரும் கூடாரங்களில் ஆண்டுக்கு 2,50,000 வரை மைதானத்திலேயே விடப்படுகின்றன என்று அங்குள்ள சுயேச்சை இசைவிழாச் சங்கம் 2019-இல் மதிப்பிட்டது. சராசரிக் கூடாரத்தின் எடை மூன்றரை கிலோ. மொத்தம் ஏறத்தாழ 900 டன் பிளாஸ்டிக். அவை ஏழைகளுக்குப் போய்ச் சேரும் என்று நம்பியே பலர் விட்டுப்போகிறார்கள். ஆனால் சேறு படிந்து, கம்பி முறிந்து, ஈரத்தோடு கிடக்கும் கூடாரங்களைச் சுத்தம் செய்ய ஆள் போதாமல் பெரும்பகுதி குப்பைக்கே போகிறது.

சட்டத்தின் கண்

இந்தியாவின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. 2022-இல் உற்பத்தியாளரே கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறிமுறை சேர்ந்தது. ஆனால் அது பொதிகளுக்கானது. கூடாரம் அடைத்து வந்த பிளாஸ்டிக் உறைக்குப் பொறுப்பாளர் உண்டு. உள்ளே இருக்கும் இரண்டு கிலோவுக்கு இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களின் தடைப் பட்டியலிலும் கூடாரம் இல்லை, ஏனெனில் ஏட்டளவில் அது பல ஆண்டு உழைக்கும் பொருள். பிரான்ஸ் 2022-இலிருந்து விளையாட்டு, பொழுதுபோக்குச் சாதனங்களை உற்பத்தியாளர் பொறுப்பின்கீழ் கொண்டுவந்திருக்கிறது. முகாம் சாதனங்களும் அதில் சேரும்.

சட்டம் டெல்லியிலிருந்து வரட்டும் என்று நீலகிரி எப்போதும் காத்திருந்ததில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோதே, அந்த மாவட்டம் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக இறங்கியது. தமிழ்நாடு முழுமைக்கும் தடை வந்தது 2019 ஜனவரியில்தான். 2022 மே மாதத்தில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டில் திரும்பி வந்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரத் தொடங்கினார்கள். காட்டிலும் புல்வெளியிலும் உடைந்து கிடந்து யானைகளின் பாதத்தைக் கிழித்த பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அந்த ஏற்பாடு பரவியது.

கூடாரத்துக்கும் அதே வழி பொருந்தும். நாடுகாணிச் சோதனைச் சாவடியில் ஏற்கெனவே வண்டிகளை நிறுத்திப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு இருக்கிறது. உள்ளே போகும் கூடாரத்துக்கு ஒரு தொகையை வைப்பாக வாங்கி, வெளியே வரும்போது கூடாரத்தைக் காட்டினால் திருப்பித் தருவது பெரிய வேலை அல்ல. கூடாரத் தங்கல் நடத்துபவர்கள் தங்களுடைய கூடாரங்களின் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதலாம்.

வைத்திருப்பவர் செய்யக்கூடியது

கையில் இருக்கும் கூடாரத்தின் ஆயுளைக் கூட்டுவது கடினமல்ல. வீடு திரும்பிய அன்றே விரித்து, நிழலில் முழுக்க உலர்த்தி, இறுகச் சுருட்டாமல் துணிப்பையில் தளர்வாக வைத்தால் நீராற்பகுப்புக்கு நீர் குறைவாகவே கிடைக்கும். தையலில் பசை தடவலாம். முறிந்த கம்பித் துண்டின் மேல் இரும்புக் குழாயை நுழைத்து ஒட்டினால் இன்னும் சில பருவம் ஓடும். தரைக்கு அடியில் ஒரு பழைய தார்ப்பாயை விரித்தால் ஈர மண் நேரே படுவதும் கல்லின் கீறலும் குறையும்.

கூடாரம் இனி ஆகாது என்ற நிலையிலும் அதன் தரைத்துணி ஆகும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்கள் பந்தலூர்ப் பக்கம் நிறைய உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கும் செடியின் குச்சிக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குக்குத் தேவையானது, கிழியாத, நீர் புகாத, கனமில்லாத துணி. கூடாரத் தரை அதற்குப் பொருத்தமானது. ஆனால் சுத்தமாக, உலர்ந்த நிலையில், கேட்டுக் கொடுக்க வேண்டும், விட்டுப்போவது கொடுப்பதாகாது.

புதிதாக வாங்க நினைப்பவர் கடையில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கம்பி தனியாகக் கிடைக்குமா? ஜிப்பை மாற்ற முடியுமா? தரையின் நீர்த்தூண் உயரம் எவ்வளவு? மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் அந்தக் கூடாரத்தை வாங்காமல், மூன்று இரவுக்கும் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.